ஒரு கார்டு, இரண்டு கழுத்து

நல்லம்மாவுக்கும் பேச்சியம்மாவுக்கும் தாயும் ஒன்று, தகப்பனும் ஒன்று, பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தின் ஒற்றையறைக் காம்பராவும் ஒன்று. ஆனால் அக்கா இந்தியாக்காரி, தங்கச்சி இலங்கைக்காரி. தாலி எந்தப் பக்கம் விழுந்ததோ, நாடும் அந்தப் பக்கம் போயிற்று.

நல்லம்மாவைக் கட்டியவனின் குடும்பம் இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிக் கொடுத்திருந்தது. எண்பத்திரண்டில் பாஸ்போர்ட் வந்தது. இரண்டு தகரப்பெட்டி வாங்கிக் கட்டி வைத்தார்கள். அடுத்த வருஷம் ஆடிக் கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தபோது அவள் பெட்டிகளை விட்டுவிட்டு அந்தப் பாஸ்போர்ட்டைத்தான் மடியில் முடிந்துகொண்டு தேயிலைக்குள் ஓடினாள். அதற்கடுத்த வருஷம் இந்தியாவுக்கு ஆள் ஏற்றிய கப்பல் நின்றுபோயிற்று. பிறகு புருஷனும் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. தோட்டத்தின் மேற்கணக்குப் பிரிவில், கடைசி லயத்தில், தங்கச்சி வீட்டுக்கு அடுத்த காம்பராவில் அவள் தனியே இருந்தாள். காலாவதியான பாஸ்போர்ட் ஒரு பவுடர் டப்பாவுக்குள் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இந்தியாவுக்கும் போக முடியாது, பக்கத்து ஹேவாஹெட்டச் சந்தைக்கும் போக முடியாது.

பேச்சியம்மாவின் புருஷன் கணபதிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இருந்தது. அதனால் அவளுக்கு அடையாள அட்டை இருந்தது. கல்யாணமான புதிதில் எடுத்த கறுப்புவெள்ளைப் படம். அந்தப் பத்தொன்பது வயது முகம் இப்போது அக்கா தங்கச்சி இருவரிடமும் இல்லை.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் நல்லம்மாவின் கழுத்தில், வலது பக்கம், ஒரு கட்டி தெரிந்தது. கொழுந்துக் கூடைக் கயிறு தலையில் இழுத்து நரம்பு பிடித்துக்கொண்டது என்றே நினைத்தாள். தலைத்துண்டை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டாள். கங்காணி கண்டால் அரைநேரச் சம்பளத்தோடு அனுப்பிவிடுவான். தை பிறக்கும்போது கட்டி நெல்லிக்காயளவு ஆகியிருந்தது. கல்லுப்போல் இருந்தது. சோறு விழுங்கினால் அதுவும் கூடவே மேலே ஏறி இறங்கியது.

தோட்டத்து மருந்துச்சாலை ஐயா ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது எங்கிட்ட நிக்கிற வேலையில்ல. கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போ. துண்டு எழுதித் தாறேன்."

துண்டு தந்த கிழமையில்தான் கண்டியில் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. பிறகு ஒவ்வொரு வளைவிலும் செக்பொயிண்ட். தமிழ்ப்பேர் கண்டால் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். கார்டு இல்லாதவர்களைப் பொலிஸுக்கு ஏற்றினார்கள்.

"என் கார்டக் கொண்டு போ," என்றாள் பேச்சியம்மா. "ரெண்டு பேரு மூஞ்சியும் ஒண்ணுதான். அந்த ஆமிக்காரப் பயலுக்கு எல்லாக் கெழவியும் ஒரே கெழவி."

"ஒனக்கு?"

"நான் எங்க போறேன்? மலையும் லயமுந்தான."

கார்டில் பேச்சியம்மா என்று இருந்ததால் மருந்துச்சாலை ஐயாவும் துண்டில் பேச்சியம்மா என்றே மாற்றி எழுதிக் கொடுத்தார். வேறு வழி அவருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிட்டபோது நல்லம்மா சும்மா உட்கார்ந்திருந்தாள். மூன்று தரம் கூப்பிட்டார்கள். நான்காம் தரம் ஒருத்தி வந்து தோளைப் பிடித்து உலுக்கி, காதுக்குள் கத்தினாள். அப்போதுதான் பேச்சியம்மா என்பது தான்தான் என்று அவளுக்கு நினைவு வந்தது. அடுத்த தரமும் அப்படியே ஆயிற்று. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் யாரோ 'காது மந்தம்' என்று எழுதிவைத்தார்கள். அன்றிலிருந்து அவளிடம் எல்லாரும் கத்தியே பேசினார்கள்.

ஊசி குத்தும் அறையில் இருந்தவர் மட்டும் தமிழில் கத்தினார். டாக்டர் மகேந்திரராசா, மெலிந்த மனுஷர், கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்திருந்தார்.

"ஒரு மிடறு தண்ணி குடியுங்கோ அம்மா. விழுங்குங்கோ. ஓம், இன்னொருக்கால்."

பின்னால் நின்று இரண்டு கையாலும் கழுத்தைத் தடவிப் பார்த்தார். அந்த விரல்கள் கட்டியில் போய் நின்றதும் கத்துவதை நிறுத்திவிட்டார்.

"வலிக்குமா தொர?"

"எறும்பு கடிச்ச மாதிரித்தான். நான் துரை இல்லை அம்மா. காலமை நானும் உங்களோடை செக்பொயிண்டிலை லைனிலைதான் நிண்டனான்."

ஊசி மெல்லிய ஊசிதான். கட்டிக்குள் போனதும் அதை முன்னும் பின்னும் அசைத்தார். விழுங்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். விழுங்காமல் இருக்க முயன்றதில் நல்லம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. ஊசியில் வந்தது ஒரு துளிகூட இல்லை. அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு கண்ணாடித் துண்டால் இழுத்துப் பூசினார். ஒன்றைக் காற்றில் காயவிட்டார், ஒன்றை ஸ்பிரிட் போத்தலில் இறக்கினார். கண்ணாடியின் ஓரத்தில் பென்சிலால் பேரையும் நம்பரையும் எழுதினார். பேச்சியம்மாவின் பேர்.

இரண்டு கிழமைக்குப் பிறகு போனபோது அவர் கதிரையை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இது இஞ்சை எல்லாருக்கும் வாற கழலை இல்லை அம்மா. புற்றுநோயிலையே ஒரு அபூர்வமான வகை. இந்தச் செல்லுகளை நான் முந்தி ரெண்டு தரம்தான் கண்ணாலை கண்டிருக்கிறன். கெதியா வெட்டி எடுக்கவேணும். பிந்தினால் நெஞ்சுக்கு இறங்கிப்போடும்."

நல்லம்மா சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது சில ஆக்களுக்குக் குடும்பத்துக்குள்ளை ஓடும். கூடப்பிறந்த ஆக்கள் இருக்கினமோ?"

"ஒருத்தி இருக்கா."

"கழுத்திலை ஏதும் வீக்கம்?"

பேச்சியம்மாவின் தொண்டைக்கு நடுவில் கொஞ்சம் தடிப்பு இருந்தது. கண்டிப் பக்கத்தில் பாதிப் பெண்களுக்கு இருப்பதுதான். ஆனாலும் அவர் கேட்ட கேள்வியில் அது நல்லம்மாவுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"இருக்குங்க."

"பேர் என்ன?"

அவள் தன் பேரையே சொன்னாள். "நல்லம்மா."

"கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்று சொல்லிக் கொப்பியில் எழுதினார். சத்திரசிகிச்சைக்குத் திகதியும் போட்டுக் கொடுத்தார்கள். சித்திரை முடிய, ஒரு திங்கட்கிழமை.

நல்லம்மா என்ற பேரில் தங்கச்சியை எப்படிக் கூட்டிவருவது? நல்லம்மாவுக்குத்தான் கார்டு இல்லையே. பேச்சியம்மா தன் கார்டோடு தனியே போனாள். அக்காவின் கொப்பியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு, வாசலில் நல்லம்மா என்று சொல்வதாகத்தான் ஏற்பாடு. ஆனால் குண்டுக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலிலேயே கார்டு கேட்டார்கள். துண்டு எழுதியவர் கார்டைப் பார்த்து, பெரிய புத்தகத்தைப் புரட்டி, அதே பேருக்கு ஏற்கெனவே இருந்த நம்பரையும், பக்கத்தில் இருந்த 'காது மந்தம்' குறிப்பையும் துண்டில் போட்டுவிட்டார். கொப்பி எங்கே என்று திட்டினார். பேச்சியம்மாவுக்குச் சிங்களத்தில் அவ்வளவு நீளமான ஒரு சங்கதியை விளக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

மகேந்திரராசா அன்று இல்லை. யாழ்ப்பாணத்தில் தாய் இறந்து, போக அனுமதி எடுக்கக் கொழும்பில் காத்து நிற்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. வேறொரு டாக்டர் ஊசி குத்தினார். நல்ல மனுஷிதான். அவளும் காதுக்குள் கத்தினாள்.

சத்திரசிகிச்சைக்கென்று பொட்டலத்தில் சோப்பும் சேலையும் கட்டிக்கொண்டு நல்லம்மா போன திங்கட்கிழமை, பெரிய டாக்டர் அவளுடைய கொப்பியைத் திறந்து, கூடவே வந்திருந்த இரண்டு கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதலாவதில் புற்று. இரண்டாவதில் ஒன்றுமில்லை, சாதாரணக் கழலை. பேரும் நம்பரும் ஒன்று. அவர் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், யோசித்தார், தாதியிடம் ஏதோ சொன்னார். தாதி அரைகுறைத் தமிழில் சிரித்தபடி கத்தினாள்.

"அம்மாவுக்குப் பயமில்ல. முந்தி பார்த்தது சந்தேகம். இப்ப நல்லம். மூணு மாசத்தால வந்து திரும்ப ஊசி."

திகதியின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு.

நல்லம்மா எழும்பவில்லை. அந்த நல்ல கழுத்து தன்னுடையது இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். கதவருகில் துவக்கோடு ஒரு பொலிஸ்காரன் சுவரில் சாய்ந்து நின்று கொட்டாவி விட்டான். அவள் கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் பேச்சியம்மா விஷயத்தைக் கேட்டு முதலில் கையெடுத்துக் கும்பிட்டாள். தனக்கு ஒன்றுமில்லை என்ற அந்த ஒரு நிமிஷச் சந்தோஷம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு அது அக்காவுக்கு என்ன செய்துவிட்டது என்று புரிந்து, அடுப்படியில் குந்திவிட்டாள்.

"நாளைக்கே போயி சொல்லுவோம். இது வேற ஆளு, அது வேற ஆளுன்னு."

கணபதி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். "சொல்லு. நல்லா சொல்லு. ஒரு கார்டுல ரெண்டு பொம்பள கண்டிக்குள்ள வந்து போறாளுகன்னு கேட்டா, ஆஸ்பத்திரிக்குன்னா நெனப்பான்? பூசா கேம்ப்புல கொண்டுபோயி போடுவான். அப்புறம் அக்காளுக்கும் கார்டு இல்ல, தங்கச்சிக்கும் இல்ல."

"அதுக்கு அவள சாகவிடச் சொல்றியா?"

"நான் என்னத்தச் சொன்னேன். நடக்கிறதச் சொன்னேன்."

"அவரு சொல்றது சரிதாண்டி," என்றாள் நல்லம்மா. "மூணு மாசந்தான. பார்ப்போம்."

கட்டி மூன்று மாதம் பார்க்கவில்லை. வைகாசி நடுவில் அவள் குரல் கரகரத்தது. மலையில் பக்கத்து நிரையில் நிற்பவளுக்கே கேட்கவில்லை. காதுக்குக் கீழே இன்னொரு கட்டி எழும்பியது. கஞ்சிகூட ஒரு பக்கமாகத்தான் இறங்கியது. படுத்தால் மூச்சு சீட்டியடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த பேச்சியம்மாவுக்கு அது கேட்கும். ஒரு விடியலில் அவள் கதவைத் தட்டினாள். வெளிக்கிட்டு நின்றாள்.

"எழும்பு. ரெண்டு பேரும் போறோம்."

"ஒரு கார்டுல எப்பிடிடி?"

"கார்டு ஒங்கிட்ட இருக்கட்டும். ஒனக்கு மூச்சு வாங்குது. நான் செக்பொயிண்டுக்கு முந்துன வளைவுல எறங்கி, மிளகுத் தோட்டத்துக்குள்ளால சுத்தி நடந்து, அடுத்த பஸ் ஹோல்ட்டுல வந்து ஏறிக்கிறேன்."

நல்லம்மா பவுடர் டப்பாவிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்துத் தங்கச்சியிடம் நீட்டினாள். வெறுங்கைக்கு அதாவது இருக்கட்டும் என்று.

தலாத்துஓயாச் செக்பொயிண்டில் நல்லம்மா இறங்கி, கார்டைக் காட்டி, மறுபடி ஏறினாள். அடுத்த ஹோல்ட்டில் பஸ் நின்றது. யாரும் இல்லை. பஸ் வெளிக்கிட்டது. கண்டி பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணித்தியாலம் அவள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏறியபிறகு பேச்சியம்மா வந்தாள். காலில் இரத்தம், சேலை முழுக்க அட்டை கடித்த புள்ளி.

"பாத தவறிப் போச்சு. வா."

மகேந்திரராசா திரும்பி வந்திருந்தார். தலை மழித்திருந்தது. இருவரையும் ஒன்றாகக் கண்டதும் ஊசியைக் கீழே வைத்தார்.

"இது..."

"தொர," என்றாள் நல்லம்மா, காற்றுப்போல வந்த குரலில். "கொப்பியில இருக்கிற பேரு இவளோடது. மொத ஊசி குத்தின கழுத்து என்னோடது. ரெண்டாவது இவளோடது. நான்தான் நல்லம்மா."

பேச்சியம்மா கதவைச் சாத்தினாள்.

அவர் அலுமாரியைத் திறந்து இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்தார். ஒன்றை மாற்றி ஒன்று மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பிறகு எழும்பி, பார்க்கும்படி நல்லம்மாவை உட்காரவைத்தார். முதலாவது துண்டில் ஒன்றோடொன்று ஒட்டாத, நீண்டு கிடந்த ஊதாச் சிதறல்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிக் குப்பையாகப் போட்ட மலை போல இருந்தது. இரண்டாவதில் எல்லாம் ஒரே அளவாய், நெருக்கமாய், நேற்று எடுத்த கொழுந்துபோல் கிடந்தன. இரண்டின் ஓரத்திலும் ஒரே பேர், ஒரே நம்பர்.

"கொழும்பாலை வந்த நாளிலை இருந்து இதைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டிருக்கிறன்," என்றார். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு மேலை எழுதிப்போட்டினம். எனக்கே சந்தேகம் வந்திட்டுது. கண் பிழைச்சுப்போச்சோ, இல்லாட்டி அம்மா செத்த கவலையிலை புத்தி பிழைச்சுப்போச்சோ எண்டு."

கண்ணாடித் துண்டுகளை மறுபடி அலுமாரியில் வைத்தார்.

"உண்மையை எழுதினால் என்ரை பேர் தப்பும். நீங்கள் ரெண்டு பேரும் தப்பமாட்டியள்." நல்லம்மாவைப் பார்த்தார். "காது நல்லாக் கேக்குது என்ன உங்களுக்கு?"

"கேக்குதுங்க."

"சரி. இனியும் கேக்காத மாதிரியே இருங்கோ."

மூன்றாம் தரமாக ஊசி குத்தினார். ஈரம் காய்வதற்குள் சாயம் ஊற்றிப் பார்த்தார். கொப்பியில், மூன்றாவது ஊசி முதலாவதைப் போலவே, இரண்டாவது மாதிரி ஐயத்துக்குரியது, ஒதுக்கிவிடவும், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏன் ஐயம் என்று எழுதவில்லை. கொப்பியைத் தானே தூக்கிக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்கு நடந்தார். அங்கே குரல் உயர்ந்ததும், அவர் திரும்பத் திரும்ப தன் பிழைதான், தன் பிரிவின் பிழைதான் என்று இங்கிலீசில் சொன்னதும் வெளியே வாங்குப் பலகையில் இருந்த இருவருக்கும் விளங்கவில்லை. அவர் வேர்த்து வந்ததை மட்டும் கண்டார்கள்.

அன்றைக்கே வார்டில் போட்டார்கள். வியாழக்கிழமை வெட்டு.

பேச்சியம்மா இரண்டு நாள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடந்தாள். புதன்கிழமை பின்னேரம் வீட்டைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை வருவதாகக் கிளம்பினாள்.

"கார்டக் கொண்டு போ," என்றாள் நல்லம்மா.

"நாளைக்கு உள்ள போறப்ப கேட்டா? வச்சுக்க. பாதை எனக்கு இப்ப தெரியும்."

"ஏய், இங்க பாரு. நான் செத்தா, செத்தது நீயின்னு எழுதுவான். உயிரோட இருந்துக்கிட்டே நீ ஆளில்லாதவளாப் போயிருவ."

"செத்தாத்தான," என்று பேச்சியம்மா அவளுடைய தலையணையைத் தட்டி நிமிர்த்தினாள். "எம் பேர ஒனக்கு எரவலாத்தான் குடுத்திருக்கேன். பத்திரமாக் கொண்டாந்து திருப்பிக் குடு."

வியாழன் காலை ஸுலைஹா வந்தாள். பக்கத்துக் கட்டில் கிழவியின் மகள். தலாத்துஓயாவிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் தாய்க்குச் சாப்பாடு கொண்டுவருகிறவள். தாய்க்குப் பாணை நனைத்து ஊட்டிக்கொண்டே சொன்னாள்.

"எங்கட ரோட்டுல நேத்து அந்தி மஹ்ரிபோட ஒரு பொம்புளயப் புடிச்சிருக்காங்க உம்மா. மிளகுத் தோட்டத்தால வந்தாவாம். கையில இந்தியா பாஸ்போட்டாம். வெடிஞ்சும் பொலிஸ் வாங்குலதான் குந்திக்கிட்டு இரிக்கா. பாவம், காலெல்லாம் கீறல். பேரக் கேட்டா பேசுறா இல்லயாம்."

நல்லம்மா எழும்பி உட்கார்ந்தாள். அது என் தங்கச்சி என்று சொல்ல முடியாது. தங்கச்சியின் பேர் இங்கே கட்டிலில் படுத்திருந்தது. பேச்சியம்மா ஏன் பேசவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தன் பேரைச் சொன்னால் வார்டில் இருப்பவள் யார் என்று கேட்பார்கள். நல்லம்மா என்று சொன்னால் அந்தப் பேருக்குப் பூசாதான்.

தியேட்டருக்கு வண்டி தள்ளுகிறவர்கள் வார்டின் அந்தக் கோடியில் வந்துவிட்டார்கள்.

அவள் தலையணை உறைக்குள் கைவிட்டுக் கார்டை எடுத்தாள். ஸுலைஹாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். குரல் வரவில்லை, காதருகே போய்ச் சொன்னாள்.

"இதக் கொண்டு போயி அந்தப் பொம்பளகிட்டக் குடு தாயி. ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லு. அந்தப் பாஸ்போட்டு வார்டுல கெடக்கிற அவ அக்காளோடது, சாமான் பையில தவறிப் போச்சுன்னு சொல்லு. பேரு இதுல இருக்கு. படமும் அவதான்."

ஸுலைஹா கார்டைப் பார்த்தாள். பிறகு கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே பேர். அவள் முகம் வெளிறியது.

"என்னயும் புடிச்சா?"

நல்லம்மா பிடித்த மணிக்கட்டை விடவில்லை. கிழவி நனைத்த பாணை மென்றபடி இருவரையும் பார்த்தாள். "கொண்டு போ புள்ள," என்றாள். "கேட்டா என்ட பேரச் சொல்லு. எனக்கு இனி என்ன."

ஸுலைஹா கார்டை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு, தூக்குச்சட்டியை மூடாமலே எழுந்து போனாள்.

வண்டி வந்தது. ஒரு தாதி மணிக்கட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைத் திருப்பி வாசித்து, வழக்கம்போல் காதுக்குள் கத்தினாள்.

"நம? பேர் என்ன?"

இம்முறை இரண்டாம் தரம் கேட்க வேண்டியிருக்கவில்லை. "பேச்சியம்மா," என்றாள் நல்லம்மா. அந்தக் குரல் தாதிக்குக் கேட்டிருக்காது. உதட்டைப் பார்த்துத் தலையாட்டினாள்.

வண்டியை உருட்டினார்கள். நடைபாதைச் சன்னல்கள் ஒவ்வொன்றாய்த் தலைக்கு மேல் போயின. கீழே வீதியில் ஒரு பஸ் நின்று, ஆள் ஏற்றி, வெளிக்கிடும் சத்தம் கேட்டது. அது ஹேவாஹெட்டப் பக்கம் போகிற பஸ்தானா, ஸுலைஹா அதில் ஏறினாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆளில்லை. தலையணை உறைக்குள் இப்போது ஒன்றுமில்லை. தியேட்டர்க் கதவு இரண்டு பக்கமும் திறந்தது.